சதுக்கத்தின் ஓரத்தில் ஓர் அத்திமரம்

இந்தக் கோடையில் அயியா நாப்பாவுக்குக் கூட்டாகக் கிளம்பும் இளைஞர்களுக்கு,

அயியா நாப்பா சைப்ரஸ் தீவின் தென்கிழக்கு மூலையில், கேவோ கிரேக்கோ என்னும் நிலமுனைக்குச் சற்று மேற்கே இருக்கும் ஒரு கடலோரச் சிற்றூர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதே ஊரின் தெருக்களில் இரவு முழுவதும் நடக்க இடம் இருக்காது. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில் இரவுக் கொண்டாட்டத்துக்கென்றே பெயர் வாங்கிய ஊர் இது. ‘அயியா’ என்றால் கிரேக்கத்தில் ‘புனித’ என்று பொருள். ‘நாப்பா’ என்பது மரம் அடர்ந்த பள்ளத்தாக்கைக் குறித்த பழஞ்சொல். ஊரின் பெயரில் கடலே இல்லை, காடுதான் இருக்கிறது.

அந்தக் காட்டிலிருந்துதான் ஊரின் கதையும் தொடங்குகிறது. வேட்டைக்காரன் ஒருவனுடைய நாய், ஈரம் சொட்டத் திரும்பி வந்ததாம். அதன் பின்னால் போனவன் ஒரு நீரூற்றையும், குகைக்குள் மறைந்திருந்த மரியாளின் திருவுருவப் படத்தையும் கண்டானாம். அந்தக் குகையைச் சுற்றி எழுந்த மடாலயம் ஏறத்தாழ 1500ஆம் ஆண்டில், தீவு வெனிஸ் நகர அரசின் கையில் இருந்தபோது, இன்றைய வடிவத்தைப் பெற்றது. கடற்கொள்ளையருக்கு அஞ்சிக் கோட்டைபோல் எழுப்பிய மதில்கள். முற்றத்தின் நடுவே குவிமாடத்தின் கீழ் எண்கோண வடிவப் பளிங்கு நீரூற்று. வாசலுக்கு வெளியே, அறுநூறு வயது என்று ஊரார் சொல்லும் பெரிய அத்திமரம். நம்மூர் அத்தியின் உறவான சைக்கமோர் அத்தி அது.

மதிலை விட்டுச் சில அடி நடந்தால் ஊரின் மையச் சதுக்கம். பார்களும் கிளப்களும் நெருக்கியடித்து நிற்கும் இடம் இதுதான். இந்தச் சதுக்கத்துக்குச் செஃபெரிஸ் சதுக்கம் என்று பெயர். 1963இல் நோபல் பரிசு பெற்ற கிரேக்கக் கவி யோர்கோஸ் செஃபெரிஸ் 1953இல் முதன்முறையாகச் சைப்ரஸுக்கு வந்தார். அந்தப் பயணத்தின் கவிதைகளில் இரண்டுக்கு இந்த ஊரின் பெயரையே தலைப்பாக வைத்தார். அந்த அத்திமரமும் அவற்றில் வருகிறது. 1900இல் ஸ்மிர்னா நகரில் பிறந்த செஃபெரிஸ், 1922இல் அந்த நகரையே இழந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊரிழந்த ஒருவரின் பெயரை இந்தச் சதுக்கம் தாங்கி நிற்பது மிகவும் பொருத்தமானது. அதன் காரணம் 1974இல் இருக்கிறது.

1974க்கு முன் இந்தப் பக்கம் சுற்றுலா என்றால் ஃபமகுஸ்தாதான். அயியா நாப்பாவிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள துறைமுக நகரம் அது. அதன் வரோஷா பகுதியில் கடலோரமாக வரிசையாக உயர்ந்து நின்றன விடுதிகள். தீவின் விடுதிப் படுக்கைகளில் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. எலிசபெத் டெய்லர் போன்ற திரைப் பிரபலங்களும் வந்து தங்கினார்கள். அயியா நாப்பாவோ மீனும் உருளைக்கிழங்குமாக வாழ்ந்த சிறு கிராமம். 1974 ஜூலை 15இல் கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலால் தலைநகர் நிக்கோசியாவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாளில் துருக்கி ராணுவம் வடகரையில் இறங்கியது. ஆகஸ்ட் 14இல் தொடங்கிய இரண்டாம் கட்டத் தாக்குதலில் ஃபமகுஸ்தா விழுந்தது. வரோஷாவில் வாழ்ந்த சுமார் 39,000 பேரும், இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். துருக்கி ராணுவம் அந்தப் பகுதியை முள்வேலியிட்டு மூடியது. மேசைமேல் வைத்த பாத்திரம் வைத்தபடி, கொடியில் உலர்த்திய துணி உலர்த்தியபடி ஒரு நகரம் பூட்டப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ் மக்கள் அந்த ஆண்டில் தெற்கே இடம்பெயர்ந்தார்கள். துருக்கி சைப்ரஸ் மக்களும் பல்லாயிரக்கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே போனார்கள். அவர்களில் பலர் 1963 முதலே இனக்கலவரத்துக்குத் தப்பி ஒருமுறை ஊர் மாறியவர்கள்.

விடுதி நடத்தத் தெரிந்தவர்கள், சமையற்காரர்கள், பயண முகவர்கள் எல்லாரும் வேலையிழந்து, வேலிக்குத் தெற்கே எஞ்சியிருந்த சிறு கடலோரத் துண்டில் வந்து நின்றார்கள். நிக்கோசியா விமான நிலையம், வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் ஐ.நா.வின் இடைவெளி மண்டலத்துக்குள் சிக்கி மூடப்பட்டதால், 1975இல் லார்னக்காவில் அவசரமாகப் புதிய விமான நிலையம் திறந்தார்கள். அங்கிருந்து அயியா நாப்பாவுக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். தொழில் தெரிந்த கைகள், பக்கத்தில் விமான நிலையம், யாரும் கண்டுகொள்ளாத வெண்மணல் கரைகள் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து இந்த ஊரை உருவாக்கின. ஒரு கடற்கரை நகரம் பறிபோனதன் ஈடாகவே மற்றொன்று எழுந்தது. நடன மேடையில் ஏறும் இளைஞருக்கு இதைச் சொல்லும் பலகை எதுவும் ஊரில் கண்ணில் படாது. அதனால்தான் இந்த மடலில் இதற்கு இவ்வளவு இடம்.

இனி இரவு. 1990களின் இறுதிவரை அயியா நாப்பா, ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வெயில் தேடி வருவோரின் ஊராகவே இருந்தது. அதை மாற்றியது லண்டனின் கராஜ் இசை. கறுப்பினத்து இளைஞர்களின் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வளர்ந்த இசை அது: துள்ளி விழும் தாளம், கனத்த அடிநாதம், அதன்மேல் ஒலிவாங்கியைப் பிடித்தபடி வரி வரியாகக் கொட்டும் குரல். மேற்கு மத்தியதரையில் இபிசா ஏற்கெனவே ஹவுஸ் இசையின் தீவாகிவிட்டிருந்தது. கராஜுக்குத் தனக்கென ஒரு கோடைக்காலம் வேண்டியிருந்தது. அது இங்கே கிடைத்தது. ‘ட்வைஸ் அஸ் நைஸ்’ போன்ற லண்டன் இரவு நிகழ்ச்சிகள் டிஜேக்களோடும் ரசிகர்களோடும் கோடை முழுக்க இங்கே குடிபெயர்ந்தன. சோ சாலிட் என்ற கராஜ் குழு பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்த 2001ஐ ஒட்டிய இரண்டு மூன்று கோடைகள் அந்தக் காலத்தின் உச்சம். சொந்த நகரத்துக் கிளப் வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்டுப் பழகிய பிள்ளைகள், ஒரு முழு ஊரும் தங்கள் பாட்டைப் போடுவதை முதல்முறையாகக் கேட்டார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட ஒரு நியாயமும் இல்லை. 2003 ஜூலையில் இளம் பாடகர் டிஸ்ஸி ராஸ்கல் இங்கே கத்திக்குத்துக்கு ஆளானார். அதையொட்டி ஊரின்மேல் படிந்த கெட்டபெயர் கலைய வெகுகாலம் பிடித்தது. கராஜ் அலை அடங்கினாலும் இரவின் அமைப்பு மாறவில்லை.

அந்த அமைப்பு எளிது. மாலையில் கடற்கரை பார்களில் தொடங்கும் கூட்டம் இரவு பத்துக்கு மேல் சதுக்கத்தையும் அதிலிருந்து பிரியும் தெருக்களையும் நிரப்பும். நள்ளிரவு தாண்டியதும் பார்கள் கிளப்களுக்குக் கூட்டத்தைக் கைமாற்றிவிடும். கிழக்கு வெளுக்கும்வரை ஆட்டம் நடக்கும். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் சலுகைச் சீட்டுடன் அழைக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் அந்தப் பருவத்துக்கு மட்டும் வந்த வெளிநாட்டவர்கள். அழைத்துவந்த தலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவோரும் அவர்களில் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் முதல் கோப்பை பெரும்பாலும் அடுத்த கோப்பைகளின் விலையில் சேர்ந்துவிடும். முன்கூட்டியே வாங்கும் தொகுப்புச் சீட்டுகள், படகு விருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலோ விடுதி மேசையிலோ வாங்குவது பாதுகாப்பு.

ஆபத்துகளில் பலரும் பயப்படுவது ஒன்று, உண்மையில் அடிக்கடி நடப்பது வேறொன்று. நான்கு சக்கரத் திறந்த பக்கி வண்டிகளும் சிறு ஸ்கூட்டர்களும்தான் இந்த ஊரின் பெரிய எதிரி. தலைக்கவசமின்றி, நீச்சலுடையில், முன்னிரவில் குடித்த போதை முழுவதும் இறங்காமல் காலையில் வண்டியெடுப்பவர்கள் மருத்துவமனையில் விடுமுறையை முடிக்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் எச்சமாக இங்கே வண்டிகள் இடப்பக்கமே ஓடும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருவோருக்கு அது பழக்கமானதுதான். ஆனால் சாலையில் எதிரே வருபவர்களில் பலர் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். வாடகைக் கார்களின் எண் பலகை சிவப்பாக இருக்கும். அதைக் கண்டால் கூடுதல் இடைவெளி விடுவது உள்ளூரார் வழக்கம். அடுத்தது கேவோ கிரேக்கோவின் பாறைகள். மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். அந்தத் தெளிவே கண்ணை ஏமாற்றும். அங்கிருந்து குதித்து முதுகெலும்பை முறித்துக்கொள்வது மிக எளிது. குடித்தபின் இரவில் கடலில் இறங்குவதும் அதேபோல் ஆபத்து. ஆகஸ்டில் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும். மதுவும் வெயிலும் உடலின் நீரை ஒருசேரக் குடித்துவிடும். அவசர உதவிக்கு 112.

பெண்கள் தொடர்பான ஒன்றை மெதுவாகச் சொல்லிக் கடக்க முடியாது. 2019 ஜூலையில் இங்கே ஒரு விடுதியில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதாகப் புகார் கொடுத்த 19 வயது பிரிட்டிஷ் பெண், காவல் நிலையத்தில் மணிக்கணக்கில் வழக்கறிஞரின்றி விசாரிக்கப்பட்டபின் புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்திட்டார். உடனே பொய்ப் புகார் வழக்கு அவர்மேலேயே பாய்ந்தது. நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கூறி, 2022 ஜனவரியில் சைப்ரஸ் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும், புகாரை விசாரித்த விதத்தில் சைப்ரஸ் தவறியது என்று தீர்ப்பளித்தது. இந்த வழக்கிலிருந்து பயணிகளுக்குத் தெளிவாகும் செய்திகள் நடைமுறை சார்ந்தவை. புகார் கொடுக்கப் போகும் பெண் தனியே போகக்கூடாது. தூதரகத்துக்கு முதலிலேயே தகவல் சொல்ல வேண்டும். புரியாத மொழியிலோ வற்புறுத்தலிலோ எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது. வழக்கறிஞர் வரும்வரை காத்திருக்கக் கோரலாம். கூட்டாகப் போகும் ஆண்களுக்கும் இதில் கடமை உண்டு. போதையில் நினைவு தப்பிய பெண் சம்மதம் சொல்ல முடியாதவள். அவள் இருக்கும் அறைக்குள் நண்பர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், அங்கே முதலில் தடுக்க வேண்டியவர் தெரிந்தும் வாசலில் நிற்கும் நண்பர்தான்.

இரவைத் தாங்கும் பகலின் உழைப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சமையற்கட்டுகளிலும் படுக்கை மாற்றும் வேலையிலும் கிழக்கு ஐரோப்பியர்களோடு நேபாளிகளும் இந்தியர்களும் இலங்கையரும் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து வீட்டுவேலைக்கு வந்த பெண்களைத் தீவின் எல்லா நகரங்களிலும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிக்கோசியாவின் பூங்காக்களில் சிங்களமும் தமிழும் காதில் விழுவது அதனால்தான்.

தண்ணீரின் கதை இன்னும் அழுத்தமானது. அயியா நாப்பாவைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கொக்கினோகோரியா, அதாவது செம்மண் கிராமங்கள் என்று பெயர். காற்றாலைகளால் கிணற்று நீரை இறைத்து உருளைக்கிழங்கு விளைவித்த பூமி இது. அந்த இரும்புக் காற்றாலைகள் பராலிம்னி வயல்களில் இன்றும் நிற்கின்றன. இறைத்து இறைத்து நிலத்தடி நீர் தாழ, கடல்நீர் உள்ளே ஏறியது. பிறகு தீவின் மறுபக்கத்தில், 1988இல் முடிந்த கூரிஸ் அணையிலிருந்து நீண்ட குழாய் வழியாக நீர் கொண்டுவந்தார்கள். அந்த அணையின் கொள்ளளவு 11.5 கோடி கன மீட்டர். மழை பொய்த்த ஆண்டுகளில் அதுவும் அடிவயிறு காட்டியது. 1997இல் அருகிலுள்ள டெகேலியாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. விடுதிக் குளியலறையில் பத்து நிமிடம் திறந்துவிடும் நீர், மின்சாரம் கொடுத்துக் கடலிடமிருந்து விலைக்கு வாங்கியதாக இருக்கலாம். சென்னையின் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

அந்தச் செம்மண் தருவதை உண்ணாமல் ஊர் திரும்புவது பெரிய இழப்பு. அயியா நாப்பாவுக்கு வடமேற்கே சோதிரா என்ற கிராமம். அதன் பெருமை கொலகாசி, அதாவது நம்முடைய சேப்பங்கிழங்கு. சோதிராவின் கொலகாசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. அங்கே அதைக் கத்தியால் நேராக நறுக்குவதில்லை. கத்தியைச் சற்றே இறக்கி ஒடித்தெடுப்பார்கள். தோல் சீவியபின் கழுவவும் மாட்டார்கள், துணியால் துடைப்பார்கள். எல்லாம் அந்த வழவழப்பை அடக்கத்தான். தக்காளி, செலரித் தண்டு, பன்றி இறைச்சி அல்லது கோழியுடன் நிதானமாக வேகும் அந்தக் குழம்பு, வறுவலாகவே சேம்பைத் தின்று பழகிய நாக்குக்குப் புது அனுபவம். ஹலூமி என்ற கட்டிப் பாலாடையைச் சுட்டால் உருகாது, கடித்தால் பல்லுக்கடியில் கீச்சிடும். லியோபெட்ரி ஊருக்குக் கீழே, கடல் ஓடைபோல் உள்ளே நுழையும் கழிமுகத்தில் மீன்பிடிப் படகுகள் கட்டிக்கிடக்கும் இடத்தில் மதிய மீன் சாப்பாடு கிடைக்கும். சதுக்கத்தின் துரித உணவுக்கு இணையான விலையில் இவை கிடைக்கும்போது அங்கே வரிசையில் நிற்பது ஏனென்று புரியவில்லை.

கடலில் முதலிடம் நிஸ்ஸிக் கரைக்கு. ‘நிஸி’ என்றால் தீவு. கரைக்கு நேரெதிரே நிற்கும் சிறு திட்டுக்கு இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். கூட்டம் பிடிக்காதவர்கள் மேற்கே மக்ரோனிசோஸ் போகலாம். அங்கே கரைக்கு மேலே பாறையில் குடைந்த பழங்காலக் கல்லறைகள் பத்தொன்பது இருக்கின்றன. 2021இல் பெர்னெரா கடற்கரைக்கு அப்பால் நீருக்கடியில் ஒரு சிற்பக்காடு அமைந்தது. பிரிட்டிஷ் சிற்பி ஜேசன் டிகாயர்ஸ் டெய்லரின் 93 படைப்புகள், எட்டு முதல் பத்து மீட்டர் ஆழத்தில், மரங்களாகவும் குழந்தைகளாகவும் நிற்கின்றன. மீன்கள் வந்து குடியேறுவதற்கென்றே செய்த காடு அது. ஊருக்குள் இருக்கும் தலாஸா அருங்காட்சியகத்தில் கிரீனியா கப்பலின் முழு அளவு நகலைக் காணலாம். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் வடகரையில் மூழ்கிய வணிகக் கப்பல் அது. 1965இல் ஒரு முக்குளிப்பவர் அதைக் கண்டார். சுமார் 400 மதுச்சாடிகளும் ஆயிரக்கணக்கான பாதாம் கொட்டைகளும் அதில் இருந்தன. நான்கு கிண்ணங்களும் நான்கு கரண்டிகளும் கிடைத்ததால் மாலுமிகள் நால்வர் என்று கணித்தார்கள். அசல் கப்பல் வேலிக்கு அப்பால், வடக்கே கிரீனியாக் கோட்டைக்குள் இருக்கிறது. இந்தத் தீவில் அருங்காட்சியகம்கூடப் பிரிந்தே கிடக்கிறது.

ஒரு காலைப்பொழுதை டெரினியா என்ற ஊருக்கு ஒதுக்குவது நல்லது. பேருந்திலோ காரிலோ அரைமணிக்குள் போய்விடலாம். ஊர் விளிம்பில் ஃபமகுஸ்தாவை நோக்கிய பார்வை மாடங்களும் பண்பாட்டு மையமும் இருக்கின்றன. தொலைநோக்கி வழியே வரோஷாவின் விடுதி வரிசை கண்ணுக்கெட்டும்: கண்ணாடியில்லாத சன்னல்கள், கம்பி தெரியும் மாடிகள், இடையில் கட்டுப்பாடின்றி வளர்ந்த மரங்கள். 1984இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 550ஆம் தீர்மானம், பழைய குடிகளைத் தவிர வேறெவரும் அங்கே குடியேறுவதை ஏற்க முடியாது என்றது. 2020 அக்டோபரில் துருக்கி சைப்ரஸ் நிர்வாகம் சில தெருக்களையும் கடற்கரையையும் பொதுமக்களுக்குத் திறந்தது. அதைத் திரும்பப் பெறும்படி பாதுகாப்பு அவை கேட்டுக்கொண்டது. 2018இல் டெரினியாவில் திறந்த கடவை வழியாகக் கடவுச்சீட்டுடன் வடக்கே போகலாம். தெற்கில் எடுத்த வாடகைக் காரின் காப்பீடு அங்கே செல்லாது. ராணுவ இடங்களைப் படமெடுக்கக் கூடாது. வரோஷாவின் தெருக்களில் இப்போது வாடகை மிதிவண்டிகள் ஓடுகின்றன, இடிந்த வீடுகளின் முன் நின்று படமெடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் சாவிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் இருபது கிலோமீட்டருக்குள் தெற்கே விடுதி நடத்திக்கொண்டிருக்கலாம். டெரினியாவில் நின்று பார்ப்பதே கண்ணியமானது.

காலத்தைப் பொறுத்தவரை, பருவம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. இரவுக்காகவே போவோருக்கு ஜூலை, ஆகஸ்ட். இரவையும் பகலையும் விரும்புவோருக்கு ஜூன் அல்லது செப்டம்பர். ஈஸ்டருக்கு ஐம்பதாம் நாளை ஒட்டிக் கடலோரத்தில் நடக்கும் கதக்ளிஸ்மோஸ் என்ற நீர்விழா கிடைத்தால் இன்னும் நல்லது. படகுப் போட்டிகளோடு சியத்திஸ்தா அரங்கேறும். இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று, இயைபு தவறாத ஈரடிகளை அங்கேயே கட்டி ஒருவரையொருவர் மடக்குவார்கள். 2011 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கலை அது. மொழி தெரியாவிட்டாலும், எசப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு யார் வென்றார் என்று கூட்டத்தின் சிரிப்பிலேயே தெரிந்துவிடும்.

நவம்பரில் பெரும்பாலான விடுதிகள் கதவடைக்கின்றன. பருவ வேலைக்கு வந்தவர்கள் பெட்டியைக் கட்டுகிறார்கள். சதுக்கத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கிவிடுகிறார்கள். மடாலயத்தின் மணியோசை கடற்கரைவரை கேட்கும். சோதிராவின் செம்மண்ணில் சேப்பங்கிழங்கு அகழும் வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்.